என் கண்ணில் வைத்த புள்ளிகள்

அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கண் டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். ஆளைப் பார்த்தால் வயது முப்பத்தைந்து. குரலைக் கேட்டால் ஐம்பது.

நர்ஸ் மிஸ். சிங்களம். தமிழ் விளங்கும், பேச வராது.

என் மனைவி. கொழுந்து பறிப்பவள். காய்ச்சலோடும் விடியற்காலைப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுத்தவள், அன்று போகவில்லை.

மச்சான். அவளுடைய தம்பி. த்ரீவீலர் ஓட்டுகிறான். அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

நான். தேயிலை அரைக்கும் ஸ்டோரின் பட்டறையில் வெல்டர். இருபத்திரண்டு வருஷம்.

ஆள் ஐந்து. கண் பத்து இருக்க வேண்டும். ஒன்பதுதான். என் இடது கண்ணைப் பதினோரு வருஷத்துக்கு முன் கிரைண்டர் பொறி கொண்டுபோய்விட்டது. அதில் பகல் எது இராத்திரி எது என்று மட்டும் தெரியும். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனது வலது கண்ணுக்காக. மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

வந்த விதம் இப்படி.

ஒரு திங்கட்கிழமை வலது கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் அடித்தது. பளிச், பளிச். திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வெல்டருக்கு வெளிச்சம் அடித்தால் அது ஒன்றுதான் என்று எங்களுக்கு நினைப்பு. ஷீல்ட் போடாமல் வெல்டிங் ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன், கண் சுட்டுவிட்டது. அதற்கு வைத்தியமும் தெரியும். உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டிக் கண்மேல் வைத்துப் படுக்க வேண்டும்.

வைத்துப் படுத்தேன். மூன்று நாள். மனைவி ஒவ்வொரு முறையும் புதுக் கிழங்கு வெட்டினாள்.

"இந்தக் கெழங்குல கறி வச்சிருந்தா நாலு வேளைக்கு வந்திருக்கும்" என்றாள்.

மச்சான் வந்து பார்த்தான். கிழங்கு பத்தாது, தாய்ப்பால் விட்டால் உடனே கேட்கும் என்றான். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில் பிள்ளை பெற்று இரண்டு மாதமான பெண் ஒருத்தி இருந்தாள். மனைவி சின்ன டம்ளரோடு அங்கே போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"என்னா சொன்னா?"

"எம் புள்ளைக்கே பத்தலக்கா, ஒங்க வீட்டுக்காரருக்கு மாட்டுப்பால் வாங்கி ஊத்துங்கன்னு சொல்லிப்புட்டா."

வியாழக்கிழமை வெளிச்சத்தோடு தூளும் வந்தது. கறுப்புத் தூள். ஸ்டோரில் தேயிலை சலிக்கும்போது பறக்குமே, அதே மாதிரி. கையால் தட்டினேன். போகவில்லை. கண்ணை மூடினாலும் பறந்தது. அப்போதுதான் இது ஆர்க் இல்லை என்று பட்டது. ஆர்க் சுட்டால் கண் மணல் போட்ட மாதிரி எரியும், தண்ணீர் கொட்டும். இதில் வலி ஒரு பொட்டு இல்லை. வலிக்காத பழுதுதான் மோசம். பாய்லரிலும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை பதுளைக்குப் போனோம்.

டாக்டரம்மா மருந்து விட்டுக் கண்மணியை விரித்தார். நெடுநேரம் பார்த்தார். மேலே பார், கீழே பார், காதைப் பார் என்றார். காதை எப்படிப் பார்ப்பது என்று கேட்கவில்லை. பார்த்தேன்.

"என்ன வேலை செய்யிறியள்?"

"வெல்டிங்குங்க."

"ஆர் சொன்னது இது வெல்டிங்கால வந்தது எண்டு?"

"யாரும் சொல்லலீங்க. நாங்களா கெழங்கு வச்சோம்."

நர்ஸ் மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கண்ணுக்குப் பின்பக்கம் ஒரு மெல்லிய திரை இருக்கிறது என்றார். சுவரில் காகிதம் ஒட்டிய மாதிரி அது ஒட்டியிருக்கிறது. முன்னால் ஜெல்லி மாதிரி ஒன்று நிறைந்திருக்கிறது. வயது போகப் போக ஜெல்லி சுருங்கும். சுருங்கும்போது திரையைப் பிடித்து இழுக்கும். இழுத்ததில் என் திரை கிழிந்துவிட்டது. லாடம் மாதிரி ஒரு கிழிசல்.

"கிழிசலுக்குள்ளால தண்ணி போனா திரை முழுக்கக் கழண்டு வந்திடும். பிறகு பார்வை இல்லை. உங்களுக்கு மற்றக் கண்ணும் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஓட்டைய அடைப்பீங்களாங்க?" என்று கேட்டேன்.

"இல்லை. ஓட்டை அப்பிடியே கிடக்கும். அதைச் சுத்தி மூண்டு வரிசை லேசர் வைச்சு, திரையைச் சுவரோட ஒட்டிவிடுவன். தண்ணி அதைத் தாண்டாது. வெல்டிங் மாதிரித்தான்."

தகடு வெடித்தால் நாங்களும் வெடிப்பின் நுனியில் ஒரு துளை போட்டு அது ஓடாமல் நிறுத்துவோம். பழுதை விட்டுவிட்டு, பழுது போகப்போகும் வழியை மறிப்பது. டாக்டரம்மா வேலை தெரிந்தவர் என்று அப்போதே எனக்கு நம்பிக்கை வந்தது.

"எத்தன ஆம்பியர் வைப்பீங்க?"

இப்போது சிரித்தார். நல்ல கேள்வி என்றார். முட்டையின் வெள்ளை வெளுக்கிற சூடு போதுமாம். தண்ணீர் கொதிக்கிற சூடுகூட வேண்டாம்.

எனக்கு அது ஏறவில்லை. இரும்பு உருகி ஓடினால்தான் ஒட்டும். வெள்ளைக்கரு சூட்டில் என்ன ஒட்டும்? அதுவும் கண்ணின் முன்பக்கத்தால் நெருப்பு போய்ப் பின்பக்கத்தில் எரிய வேண்டும். முன்பக்கம் என்ன ஆகும்?

"யன்னல் கண்ணாடிக்குள்ளால வெயில் வருது. உள்ள ஒரு கறுத்தத் துணி கிடக்கு. எது சுடும்?"

"துணிங்க."

"அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னுக்கு இருக்கிறதெல்லாம் கண்ணாடி. வெளிச்சம் சும்மா போகும். திரைக்குப் பின்னால கறுப்பு ஒண்டு பூசிக் கிடக்கு. அதிலதான் சூடு பிறக்கும்."

"சரிங்க. ஒட்டுறது எப்புடிங்க?"

டாக்டரம்மா சுற்றிப் பார்த்தார். என் மனைவியின் சடையைக் கண்டார்.

"சதைக்குள்ள நூல் நூலா இருக்கு. மைக்ரோஸ்கோப்பாலயும் லேசில பார்க்கேலாது, அவ்வளவு சின்ன நூல். ஒவ்வொரு நூலும் மூண்டு புரி, உங்கட மனுசியின்ர பின்னல் மாதிரி. அளவாச் சூடு பட்டா பின்னல் குலையும். பக்கத்துப் பின்னலும் குலையும். குலைஞ்ச புரி ஒண்டுக்குள்ள ஒண்டு போய்ச் சிக்கும். சூடு ஆறேக்க சிக்கினபடியே இறுகிப் போகும். தோல், ரத்தக்குழாய் இதுகளை லேசரால ஒட்டப் பாக்கிறவை. அங்க நடக்கிறது அதுதான்."

மனைவி சடையை முன்னால் எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு நாளு எண்ண வைக்காம உட்டா எந் தலையும் அப்புடித்தாங்க. லேசரே வேணாம்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "சூடு கூடிப்போச்சோ, நூல் கருகும், பிடி இல்லை. குறைஞ்சுதோ, பின்னல் குலையாது, அப்பவும் பிடி இல்லை."

இது எனக்குத் தெரிந்த பாஷை. ஆம்பியர் கூடினால் தகடு ஓட்டை விழும். குறைந்தால் வெல்டு காக்கா எச்சம் மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும், விரலால் தட்டினால் விழுந்துவிடும்.

"உங்கட கண்ணில இன்னொண்டும் நடக்கும். இண்டைக்கு நான் வைக்கிற புள்ளி பாதிப் பிடிதான். மிச்சத்தை உடம்பு தானே தழும்பு போட்டு இறுக்கும். அதுக்கு ரெண்டு கிழமை வேணும். அதுவரைக்கும் குலுங்கக்கூடாது."

அதுதான் எனக்குப் புதிது. என் வெல்டு ஆறிய உடனே பாரம் தாங்கும். இரண்டு கிழமை இறுகுகிற வெல்டை நான் கண்டதில்லை.

லேசர் அறைக்குள் போனோம். இருட்டு. ஒரு மெஷின், இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். தாடையை வைக்க ஒரு கிண்ணம், நெற்றியை முட்ட ஒரு பட்டி. துணைக்கு ஒருவர் மட்டும் என்று ஒரு விரலைக் காட்டினார் நர்ஸ் மிஸ். மனைவி வந்தாள். அவள் பின்னாலேயே மச்சானும் வந்துவிட்டான். அவன் கையில் ஒரு சாக்குப் பை.

"அது என்னத்தைக் கொண்டு வந்தனீர்?" என்றார் டாக்டரம்மா.

மச்சான் பையைத் திறந்தான். என்னுடைய வெல்டிங் ஷீல்ட். தலையில் மாட்டுவது.

"வெல்டிங்குன்னு சொன்னாங்க டாக்டரம்மா. மச்சானுக்கு இது பழக்கம். அதான் எடுத்தாந்தேன்."

எனக்கு ஸ்டூலுக்குள் போய்விடலாம் போலிருந்தது. டாக்டரம்மா நர்ஸ் மிஸ்ஸைப் பார்த்தார். நர்ஸ் மிஸ் மேலே சீலிங்கைப் பார்த்தார். அவனை வெளியே அனுப்ப நேரமில்லை. மனைவிக்கும் மச்சானுக்கும் ஆளுக்கொரு நிறக் கண்ணாடி கொடுத்துச் சுவர் ஓரத்தில் நிற்க வைத்தார்கள்.

மரக்கும் மருந்து விட்டார்கள். பசை மாதிரி ஒன்றைத் தடவிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கண்மேலேயே வைத்தார் டாக்டரம்மா. இனிக் கண்ணை மூட முடியாது. எருமையின் கண் மாதிரித் திறந்தபடி இருந்தேன்.

"சரியோ?"

நான் தலையை ஆட்டினேன். கிண்ணம் வழுக்கிக் கன்னத்துக்கு வந்தது.

"தலையை ஆட்டாதேங்கோ. வாயால சொல்லுங்கோ."

மறுபடியும் பசை. மறுபடியும் கிண்ணம்.

"சரியோ?"

"சரிங்க" என்றேன். வாயால்தான் சொன்னேன். தலையும் ஆடியது.

கிண்ணம் மடியில் விழுந்தது.

"ஒளுவ ஹொல்லன்ன எப்பா!" என்றார் நர்ஸ் மிஸ். தலையை ஆட்டாதே என்று இரண்டு பாஷையிலும் கேட்டாயிற்று.

மூன்றாவது தடவை டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்தை வைத்தார், காலால் பெடலை மிதித்தார், பச்சை வெளிச்சம் வந்தது. டிக். டிக். டிக். வலியில்லை. உள்ளே யாரோ நகத்தால் சுண்டுகிற மாதிரி. எண்ணத் தொடங்கினேன். தகட்டில் புள்ளி புள்ளியாக வெல்டு வைத்துப் பிடிக்கும்போது நான் எண்ணுவேன். அது கை வேலையோடு வந்த பழக்கம். பதினெட்டு வரை நன்றாகப் போனது. டாக்டரம்மா காலை எடுத்து, மெஷினைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி பெடலில் கால் வைத்தார். பெடல் 'டக்' என்றது. பட்டறையில் என் மெஷின் சுவிட்ச் போடும் அதே சத்தம்.

தலை தானாகக் குனிந்தது. அதே நேரம் ஒரு டிக்.

டாக்டரம்மா காலை எடுத்துவிட்டார்.

"அது எங்கங்க போச்சு?" என்றேன்.

"எங்கயோ போச்சு" என்றார். குரல் ஐம்பதிலிருந்து அறுபதுக்குப் போயிருந்தது. உள்ளே பார்த்தார். "நல்ல காலம். ஓரத்தில விழுந்திருக்கு, அதால பிரச்சினை இல்லை. நடுவில பட்டிருந்தா உங்களுக்கு எழுத்து வாசிக்கேலாமப் போயிருக்கும்."

"எழுத்து எனக்கு அம்புட்டு இல்லீங்க. வெல்டு கோடு தெரிஞ்சா போதும்."

"கோடும் தெரியாது! ஏன் ஐயா நீங்கள் ஒவ்வொரு தரமும் தலையைக் குத்துறியள்?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நான் ஆட்டுகிறேன் என்றே எனக்குப் பாதி நேரம் தெரியாது.

சுவர் ஓரத்திலிருந்து மச்சான் பேசினான்.

"டாக்டரம்மா, எனக்குத் தெரியுங்க."

அவன் ஷீல்டை எடுத்துத் தலையில் மாட்டினான். முகத் தகடு மேலே தூக்கி நின்றது. இல்லாத வெல்டிங் ராடைக் கையில் பிடித்து, இல்லாத இரும்புக்குக் கொண்டுபோனான். தலையை ஒரு குத்து குத்தினான். முகத் தகடு 'டப்' என்று இறங்கி முகத்தை மூடியது.

"ரெண்டு கையிலயும் வேலை இருக்கும்ல. அதான் தலைய ஆட்டி எறக்குவாங்க. மச்சான் நெருப்பு வைக்கிறதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் இப்புடித்தான்." ஷீல்டுக்குள்ளிருந்து அவன் குரல் தகர டப்பாவிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

முதலில் நர்ஸ் மிஸ் சிரித்தார். பிறகு டாக்டரம்மா. சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"இருவத்திரெண்டு வருசமாவோ?"

"ஆமாங்க" என்றேன். தலையும் ஆடியது.

காரணம் தெரிந்தது. வழி தெரியவில்லை. நர்ஸ் மிஸ் பின்னால் நின்று தலையைப் பிடித்துப் பார்த்தார். பெடல் டக் என்றதும் அவர் கையோடு சேர்த்துக் குனிந்தேன். நாளைக்கு வரச் சொல்லலாமா என்று டாக்டரம்மா யோசித்தார். கிழிசலைப் பார்த்தார். இல்லை, நாளைக்கு என்று வைக்க முடியாது, ஓரத்தில் தண்ணீர் போகத் தொடங்கிவிட்டது என்றார்.

அப்போது மனைவி முன்னால் வந்தாள்.

"நான் கட்டிப் பார்க்கவாங்க?"

தோளில் போட்டிருந்த துண்டை எடுத்தாள். கூடைக் கயிறு தலையை அறுக்காமல் இருக்க மடிப்பார்களே, அப்படி நாலாக மடித்தாள். என் பிடரிக்குப் பின்னால் போட்டு, இரண்டு நுனியையும் மெஷினின் இரண்டு கம்பிக்கும் வெளிப்பக்கத்தால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டாள். நெற்றி பட்டியில் போய் அழுந்தியது. அவள் வாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இந்தா பாருங்க. இப்ப ஒங்க தலையில கொழுந்துக் கூட தொங்குது. ரொம்பிருச்சு. மலையில எறங்குறீங்க. தலைய ஆட்டுனீங்க, கொழுந்து அம்புட்டும் கொட்டிரும். கங்காணி கீழ நின்னு பார்த்துக்கிட்டே இருக்காரு."

"நான் எப்ப கூட சொமந்தேன்?"

"அதான் சொமந்து பாருங்கன்றேன்."

பெடல் டக் என்றது.

"கொழுந்து" என்றாள் காதில்.

கழுத்து அசையவில்லை.

டிக். டிக். டிக். டாக்டரம்மா காலை எடுப்பார், மெஷினைத் திருப்புவார், கால் வைப்பார். டக். "கொழுந்து." டிக், டிக். டக். "கொழுந்து." கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மிஸ்ஸும் அவளோடு சேர்ந்து "கொளுந்து" என்றார். அவருக்கு வந்த தமிழ் அன்று அந்த ஒரு சொல். மச்சான் ஷீல்டைக் கழற்ற மறந்து நின்றான்.

முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது. மூன்றாவதில் கழுத்து நடுங்கியது. அவள் கயிற்றை இழுக்கிற மாதிரித் துண்டை ஒரு இழு இழுத்தாள். சரியாகிவிட்டது. வருஷக் கணக்காக இந்தப் பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படி மலை இறங்குகிறாள் என்று அன்றுதான் யோசித்தேன். அதைச் சொல்லவில்லை. சொன்னால் தலை ஆடும்.

"முடிஞ்சுது" என்றார் டாக்டரம்மா.

"நூத்தி எம்பத்தேழு" என்றேன்.

அவர் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெஷினிலும் நூற்று எண்பத்தேழு என்றுதான் இருந்தது.

"எண்ணினனீங்களோ?"

"வெல்டருங்க."

இரண்டு கிழமைக்குப் பாரம் தூக்க வேண்டாம், குனிய வேண்டாம், ஓட வேண்டாம், குலுங்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் கடைசிச் சொல்தான் இடித்தது. பதுளை டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் போக ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏற வேண்டும். பாதி வழிக்கு மேல் ரோட்டில் தார் இருந்த இடமும் குழி, தார் இல்லாத இடமும் குழி.

மச்சான் த்ரீவீலரை நடக்கிற வேகத்தில் ஓட்டினான். பின்சீட்டில் மனைவி என் பிடரியில் துண்டைப் போட்டு, முன் கம்பியில் நெற்றியை முட்ட வைத்துப் பிடித்தபடி வந்தாள். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் மச்சான் சத்தம் போட்டான். "அக்கா, குழி!" அவள் "கொழுந்து" என்பாள். சக்கரம் இறங்கும். பின்னால் ஒரு பஸ் நெடுநேரம் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனது. கொழுந்து நிறுத்துப்போட்டு வந்த பெண்கள் எங்களை நடந்தே முந்தினார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, ஒன் வீட்டுக்காரர ஏன் பன்னி மாதிரிக் கட்டிக் கொண்டு போற?"

"கண்ணுல வெல்டு வச்சிருக்குடி. ஈரம் காயல."

அது நாலு லயத்துக்கும் எங்களுக்கு முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் ஒன்று சொன்னான். "என்னா மச்சான், ஜாதகம் பார்க்க வந்த மாப்ள மாதிரி ஆடாம இருக்கீங்க?" "அண்ணே, ராடு பத்தலன்னா சொல்லுங்க, ஸ்டோர்ல எடுத்தாறேன்." காலையில் எழுந்ததும் நமுனுகுல மலையின் விளிம்பைப் பார்ப்பேன். கோடு கோணாமல் இருக்கிறதா, ஓரத்தில் நிழல் விழுகிறதா. திரை கழன்றால் ஓரத்திலிருந்து கறுப்பு ஏறி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏறவில்லை. தூள் மட்டும் பறந்தது.

ஆனால் மனதில் ஒன்று அரித்தது. நூற்று எண்பத்தேழு புள்ளி. அதில் எத்தனை பிடித்தது? வைத்ததெல்லாம் பிடிக்காது. எனக்குத் தெரியும். வலைத் தட்டுக்கு நூறு புள்ளி வைத்தால் நாலு ஐந்து பொய்யாக இருக்கும். பார்வைக்குத் தெரியாது. சுத்தியலால் தட்டினால் தெரியும். தட்டிப் பார்க்காத வேலையை நான் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

ஒன்பதாம் நாள் காலை. மனைவி பெரட்டுக்குப் போய்விட்டாள். லயத்தில் ஆள் இல்லை. எங்கள் வாசலுக்கு இரண்டு படி. மேல் படியில் நின்றேன். முற்றத்தைப் பார்த்தேன். ஒரு தட்டுதான். பெரிய தட்டு இல்லை.

குதித்தேன்.

இரண்டு காலும் தரையில் பட்ட உடனே வலது கண்ணின் ஓரத்தில் பளிச்.

அப்படியே நின்றேன். மூச்சும் விடவில்லை. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நமுனுகுலையைப் பார்த்தேன். விளிம்பு இருந்தது. ஓரத்தைப் பார்த்தேன். கோழி ஒன்று நின்றது. அதற்கு இரண்டு காலும் தெரிந்தது. மறுபடி பளிச் வருகிறதா என்று பத்து நிமிஷம் நின்றேன். வரவில்லை. மெதுவாகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். தட்டியாயிற்று. பிடித்திருக்கிறதா விட்டுவிட்டதா என்று தெரியவில்லை. இரும்பென்றால் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். கண் சத்தம் போடாது.

பயம் அன்றுதான் வந்தது. அறைக்குள்கூட இல்லை. மனைவிக்குச் சொல்லவில்லை. ஐந்து நாள் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளும் குழம்பில் உப்பில்லை. என் கண்ணை நினைத்து நினைத்து மறந்துவிடுகிறாள் பாவம் என்று பேசாமல் சாப்பிட்டேன்.

பதினைந்தாம் நாள் பதுளைக்குப் போனோம். அதே அறை, அதே ஐந்து பேர். இந்த முறை மச்சானை நர்ஸ் மிஸ்ஸே "எண்ட, எண்ட" என்று உள்ளே கூப்பிட்டார். பையில் ஷீல்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். இல்லை. முகம் வாடிப்போனது.

டாக்டரம்மா கிண்ணத்தை வைத்தார். "சரியோ?"

"கொழுந்து" என்றேன். தலை ஆடவில்லை.

பார்க்கத் தொடங்குவதற்கு முன்னால் மனைவி சொன்னாள்.

"டாக்டரம்மா, நல்லாப் பாருங்க. இவரு ஒம்பதாம் நாளு படியிலேர்ந்து குதிச்சாரு."

கிண்ணம் கண்ணில் இருந்ததால் அவளைத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை.

"ஏன் குதிச்சனீங்கள்?"

"புடிச்சிருக்கான்னு பார்க்கத்தாங்க."

"அதைப் பாக்கத்தானே ஐயா நான் இருக்கிறன்!"

"தட்டாம வேலைய ஒப்படைக்கக் கூடாதுங்க."

"நீ எங்கேர்ந்து பார்த்த?" என்றேன் மனைவியிடம்.

"தண்ணிப் பீலிக்கிட்ட இருந்து. பெரட்டுக்குப் போற வழியில கொடத்த மறந்து வச்சுட்டேன், திரும்பி வந்தேன். சத்தம் போட்டா நீங்க திடுக்குன்னு திரும்புவீங்க. அதான் வாய மூடிக்கிட்டேன்."

"அப்ப உப்பு?"

"என்னா உப்பு?"

ஐந்து நாள் குழம்பு ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது.

டாக்டரம்மா பார்த்தார். மேலே. கீழே. காது. நான் ஆடாமல் இருந்தேன். மனைவியின் கை என் பிடரிக்குப் பின்னால் துண்டில்லாமலே வந்து நின்றது.

நெடுநேரம் கழித்து டாக்டரம்மா கிண்ணத்தை எடுத்தார்.

"குதிச்சதுக்கு அடிக்கோணும் உங்களை. ஆனா பிடிச்சிட்டுது. கிழிசலைச் சுத்தி மூண்டு வரிசையும் நல்லாத் தழும்பு போட்டிருக்கு. ஒரு இடமும் விடேல்லை. தண்ணி தாண்டேல்லை. திரை சுவரோட இருக்கு."

மச்சான் கை தட்டினான். நர்ஸ் மிஸ் உஷ் என்றார். மனைவி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாப் புள்ளியும் புடிச்சிருக்குங்களா?" என்றேன்.

"எல்லாம் பிடிச்சிருக்கு. நீங்கள் தலையைக் குத்தினதில போனது மட்டும் அங்கால தனிய ஒரு மூலையில கிடக்கு. அதுவும் நல்லாத்தான் ஒட்டியிருக்கு. ஆனா ஒண்டையும் பிடிக்கேல்லை."

அடுத்த நாள் பட்டறைக்குப் போனேன். வேலை தொட ஒரு மாதம் ஆகட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் சும்மா பார்க்கத்தான் போனேன். கதவின் உள்பக்கம், முடிந்த வேலைகளுக்குப் பிடித்த புள்ளிகளின் எண்ணிக்கையைச் சாக்கட்டியால் எழுதி வைப்பது என் வழக்கம். பொய்ப் புள்ளியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரோலர் தட்டு, கீழே வலைத் தட்டு, அதற்குக் கீழே இடம் இருந்தது. 'கண்' என்று எழுதினேன். பக்கத்தில் எண்ணை எழுதினேன்.

186.